தாண்டவராயர் வார்த்த நீர்

நெடுங்குளம் அரசவையில் ஏழைக்கு ஒரு வாசல், பணக்காரனுக்கு ஒரு வாசல் என்று இரண்டு வாசல் இருந்ததில்லை. ஏழைக்கு வாசலே இல்லை. கால் காணியைப் பறிகொடுத்தவன் வெயிலில் நின்று காய்ந்துவிட்டு வீட்டுக்குப் போவான். பெரும்பண்ணை ஒன்று கைமாறினால் மட்டும் அரசர் பூபதி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு விசாரிக்க உட்கார்ந்துவிடுவார். அன்றும் அப்படித்தான் உட்கார்ந்தார்.

பண்ணைக்குச் சொந்தக்காரர் தாண்டவராயர். குளத்துக்குக் கீழே கண்ணுக்கு எட்டிய வயல் எல்லாம் அவருடையது. மனிதர் நோயில் விழுந்து, வாய் குழறி, கட்டிலோடு கிடந்தார். அரண்மனை வைத்தியர் அகத்தீசர் மருந்துப் பெட்டியோடு போனவர் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார். முதலில் வேலைக்காரர்களை விரட்டினார். பிறகு பெற்ற மகள் செங்கமலத்தையே அறைக்குள் விடவில்லை. "கண்டவர் மூச்சுப் பட்டால் நோய் ஏறும்" என்றார். கடைசியில், தாண்டவராயர் தம் பண்ணை முழுவதையும் அரசரின் மைத்துனர் வீரபாகுவுக்குச் செம்பிலிருந்து கையில் நீர் வார்த்துத் தானமாகக் கொடுத்துவிட்டார் என்று செய்தி வந்தது. காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்தறியாத தாண்டவராயர்.

செங்கமலம் அவை விகடர் சங்கிலியைத் தேடி வந்தாள். அரசரைச் சிரிக்க வைப்பது சங்கிலியின் வேலை. அரசரைச் சுற்றி நிற்கிற பெரிய மனிதர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொள்வது அவர் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்ட கூலி.

"நிலம் போனால் போகட்டும் அண்ணே," என்றாள் அவள். "நீர் வார்த்து முடித்துவிட்டார்கள். இனி அப்பா உயிரோடு இருந்து அவர்களுக்கு என்ன லாபம்? மருந்து கொடுக்கிற கை அவர்கள் கை. என்னை உள்ளே விடச் சொல்லுங்கள், அது போதும்."

தாண்டவராயர் மேல் சங்கிலிக்கு மதிப்புக் கிடையாது. களத்தில் சிந்திய நெல்லைக்கூடக் குத்தகைக்காரனுக்கு விடாமல் கூட்டி அள்ளிய ஆள். அதற்காக அவரைப் படுக்கையில் வைத்து மெல்லக் கொல்ல இந்த இரண்டு பேருக்கும் யார் உரிமை கொடுத்தது?

அவையில் வீரபாகு முந்திக்கொண்டார். சபை நடுவே அரசரை முறை சொல்லிக் கூப்பிடும் ஒரே ஆள் அவர்தான்.

"அத்தான், இதில் விசாரிக்க என்ன இருக்கிறது? நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? செம்பு பிடித்து வார்த்தவர் நிலம், கையில் ஏந்தியவருக்கு. அவருக்கு மனம் இருந்ததா, மயக்கம் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை."

"பாட்டன் காலத்து வழக்கம்," என்றார் அரசர். "மாற்ற முடியாது."

"மாற்றவே வேண்டாம் அரசே," என்றார் சங்கிலி. "வைத்தியரிடம் மட்டும் ஒரு வார்த்தை. நோயாளியை நன்றாகக் கவனித்துக்கொண்டீர்களா ஐயா?"

"பெற்ற தாய்கூடத் தோற்றுப்போவாள்," என்று வைத்தியர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஒரு மாதமாகக் கஞ்சிகூட நான்தான் ஊட்டுகிறேன். கரண்டி பிடிக்க அவர் கையில் தெம்பில்லை."

"பாவம். நீர் வார்த்த செம்பைக் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லுங்கள்."

வந்தது. வீரபாகு வீட்டு வெண்கலச் செம்பு. பெரும்பண்ணை வாங்கப் போகிறோமே என்று இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து எடுத்துப் போயிருந்தார். சங்கிலி அதில் தண்ணீரை நிரப்பி அரசரிடம் நீட்டினார். வாங்கிய அரசரின் கை ஒரு சாண் இறங்கியது.

"கரண்டி பிடிக்காத கை இதைப் பிடித்ததா வைத்தியரே?"

"நான் கொஞ்சம் தாங்கிக்கொண்டேன்."

"எவ்வளவு கொஞ்சம்? அவர் பங்கு ஒரு கரண்டி கனம்கூட இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மிச்சம் முழுவதும் உங்கள் பலம்தானே?"

சங்கிலி வீரபாகுவின் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"தானம் செல்லும் ஐயா. நீங்கள் சொன்ன வழக்கப்படியே செல்லும். செம்பு பிடித்து வார்த்தவர் வைத்தியர். ஆகையால் தாண்டவராயர் பண்ணை தாண்டவராயருக்கு. வைத்தியரின் வடகரைத் தென்னந்தோப்பும் நஞ்சையும் உங்களுக்கு."

பண்ணை கைநழுவிவிட்டது என்று வீரபாகுவுக்குப் புரிந்தது. தோப்பையாவது விடக்கூடாது என்பது அடுத்த மூச்சிலேயே புரிந்துவிட்டது.

"உண்மைதான் அத்தான், எதற்கு மறைக்க வேண்டும்? முழுக்க வைத்தியர்தான் வார்த்தார். கிழவர் கை செம்பில் படவே இல்லை. குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்."

"அடப் பாவி," என்று வைத்தியர் பாய்ந்தார். "லேகியத்தை இரண்டு பங்காகக் கொடுத்துத் தூங்க வை என்றது நீதானே? கால் பங்கு தருகிறேன் என்று என் வீட்டுப் படியேறி வந்தது யார்? அரசே, அது தானமே இல்லை, பச்சைத் திருட்டு. திருட்டில் என் தோப்பு எப்படிப் போகும்?"

"தூக்கம் என்கிறார் வாங்கியவர். திருட்டு என்கிறார் வார்த்தவர்," என்றார் சங்கிலி. "நான் யாரையும் எதுவும் சொல்லவில்லை அரசே."

தானம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. செங்கமலம் அங்கேயே வைத்தியரின் மடியிலிருந்த அறைச் சாவியை வாங்கிக்கொண்டு, தீர்ப்பின் மிச்சத்தைக் கேட்க நில்லாமல், வீட்டைப் பார்த்து ஓடினாள். வைத்தியர் சிறைக்குப் போனார். அவருடைய தோப்பை அரசரே எடுத்துக்கொண்டார். அரசர்கள் எந்த வழக்கிலும் தோற்பதில்லை. மைத்துனரை யாரும் தொடவில்லை. ராணி இருக்கிறாரே. வீரபாகு பழையபடி சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

அரசர் ஒரு பொற்சங்கிலியைக் கழற்றி விகடர் கழுத்தில் போட்டார். "கெட்டிக்காரன் நீ. எனக்கும் வயதாகிறது. என் சொத்தைக் காப்பாற்ற ஒரு வழி சொல்லிவிட்டுப் போ."

"சுலபம் அரசே. நீங்கள் படுக்கையில் விழும்போது கட்டிலருகே ஒரே ஒரு திருடனை வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பேராக வைத்துக்கொள்ளுங்கள்."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தமக்கு இடப்பக்கம் நிற்பவரைப் பார்த்தார், வலப்பக்கம் நிற்பவரைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.