அரங்கம் எங்கே?

மீன் விற்கிற அம்சவேணி, ஹவுசிங் போர்டு பிள்ளைகளுக்குப் பறை கற்றுக்கொடுக்க அரசு மானியம் கேட்டிருந்தாள். பார்வையிட வந்த கலைத்துறை அதிகாரி தயாபரன் மூக்கைக் கர்ச்சீப்பால் பொத்திக்கொண்டார்.

"சொந்த அரங்கம் இல்லாத குழுவுக்கு மானியம் கிடையாதும்மா. ஆயிரம் பேர் பாக்கற மாதிரி ஒண்ணு கட்டிட்டு வா."

"அதை அரசாங்கமே கட்டிக் குடுத்துடுச்சே சார். இப்படி வாங்க."

கட்டடங்களுக்கு நடுவே இருந்த வெட்டவெளியில் அவரை நிறுத்திவிட்டு, பறையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். தினமும் கேட்டுப் பழகிய சத்தம். நாலு பக்கமும் கதவுகள் திறந்தன. கரண்டியோடு ஒருத்தி, பாதிச் சவரத்தோடு ஒருத்தர், இடுப்புப் பிள்ளையோடு இன்னொருத்தி. மாடிக்கு மேல் மாடியாக வானம் வரைக்கும் முகங்கள்.

பிள்ளைகள் அடிக்கத் தொடங்கினார்கள். நாலு சுவரும் அந்த அடியை வாங்கித் திருப்பி அனுப்பியதில் தயாபரனின் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. கர்ச்சீப் எப்போது விழுந்ததென்று அவருக்கே தெரியாது.

பறை ஓய்ந்தது. 

"மேடை எங்கேம்மா?" என்றார், குரல் இறங்கி.

"நீங்க நிக்கிற இடந்தான் சார். மானியம் உண்டா இல்லையான்னு அங்கேயே நின்னு சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

தயாபரன் அண்ணாந்து பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.