சிறுத்தையின் சிவப்புக் கார்

மூங்கில் காட்டில் இரண்டே கார்கள் இருந்தன. ஒன்று சிறுத்தையுடையது. அதன் தாத்தா பந்தயத்தில் ஓட்டி ஜெயித்த பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ஓட்டுகிறவரைத் தவிர இன்னொருவர்தான் உட்காரலாம். வருஷத்துக்கு ஒருநாள், ஆயுத பூஜையன்று, மாலை போட்டுக்கொண்டு குளத்தைச் சுற்றி வரும். மற்ற நாளெல்லாம் போர்வைக்குள் கிடக்கும்.

மற்றது கரடி போன வருஷம் வாங்கிய சாதாரணக் கார். தேன் டின், தவிட்டு மூட்டை, பள்ளிக்கூடம் போகும் குட்டிகள் எல்லாம் அதில்தான் போகும். "அது வண்டியா? தகர டப்பா" என்று காடே சிரிக்கும். அந்த டப்பாவில் ஏறி உட்கார்ந்துகொண்டே சிரிக்கும், வெட்கம் கெட்ட காடு.

ஒருநாள் காலையில் முயலின் மனைவியைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் ஆந்தை டாக்டரின் ஆஸ்பத்திரி. ஒரு மணி நேரத்துக்குள் போனால் பிழைப்பாள்.

கரடி காரோடு வந்து நின்றது. "ஏத்துப்பா, கிளம்பலாம்."

முயல் தயங்கியது. "தப்பா நினைக்காதீங்க அண்ணே. இது உயிர் விஷயம். சிறுத்தை ஐயா வண்டின்னா பறக்கும்."

"எந்த வண்டியானா என்ன, சீக்கிரம் போகணும்" என்றாள் மனைவி. அவளை யார் கேட்டார்கள்?

முயல் ஓடிவந்து கேட்டதும் சிறுத்தைக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. போர்வையை உருவியது. கண்ணாடியைத் துடைத்தது. "பூஜை போடாம எங்க தாத்தா வண்டி வாசல் தாண்டாது" என்று சூடம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தது. இருபது நிமிஷம் போயிற்று.

பிறகு அவளை ஏற்றிக்கொண்டு பறந்தது. முயலுக்கு அதில் இடமில்லை. கரடியின் காரில் பின்னால் வந்தது. "பாத்தீங்களா அண்ணே வேகத்தை?" என்று அழுகையோடு பெருமையும் பட்டுக்கொண்டது.

மலையேறும் மூன்றாவது வளைவில் சிவப்புக் கார் புகை கக்கிக்கொண்டு நின்றிருந்தது. சிறுத்தை இன்ஜின் மூடியைத் திறந்து விசிறிக்கொண்டிருந்தது.

"அவங்களை இதுல மாத்துங்க ஐயா, பத்து நிமிஷத்துல போயிடலாம்" என்றது கரடி.

"என் வண்டியில ஏறினவங்களைப் பாதி வழியில இறக்கி, இந்த டப்பாவுலயா அனுப்பறது? சூடு ஆறட்டும். ரெண்டே நிமிஷம்."

கரடி முயலைப் பார்த்தது. முயல் மனைவியைப் பார்த்தது. பிறகு சிறுத்தையின் முகத்தைப் பார்த்தது.

"பெரியவர் மனசு நோகும் அண்ணே. ரெண்டு நிமிஷம்தானே."

அரைமணி ஆகியும் கார் கிளம்பவில்லை. பொறுக்க முடியாமல் கரடி அவளைத் தூக்கித் தன் காரில் போட்டுக்கொண்டு ஓட்டியது. ஆந்தை டாக்டர் நாடி பிடித்துப் பார்த்தார். "கால் மணி நேரம் முன்னால வந்திருந்தா காப்பாத்தியிருப்பேன்" என்றார்.

துக்கம் விசாரிக்கக் காடே வந்தது. "என்ன இருந்தாலும் சிவப்புக் கார்ல போனாளே. அந்த யோகம் யாருக்குக் கிடைக்கும்?" என்றது நரி. எல்லோரும் தலையாட்டினார்கள். முயலும் ஆட்டியது.

பகட்டைக் கும்பிட்டு, தினமும் உதவுகிறதை இளக்காரம் செய்கிறவன், ஆபத்து வரும்போது தன்னை நம்பியவர்களைத்தான் பலி கொடுப்பான்.