ஒட்டடை அடித்த பெருச்சாளி

குளக்கரையில் நின்ற நாவல் மரத்தடியில் ஒரு பெருச்சாளி வளை தோண்டிக் குடியிருந்தது. அதன் பெயர் தொந்தியப்பன். காட்டிலேயே தன் வளைதான் சுத்தமானது என்று அதற்கு ஒரே பெருமை. வாசலில் ஒரு சருகு கிடந்தால்கூட அதற்குச் சாப்பாடு இறங்காது.

அந்த வருஷம் அதற்குப் பெரிய கூடம் வேண்டும் என்று ஆசை வந்தது. மரத்தின் கிழக்குப் பக்கமாக மண்ணைப் பறித்துக்கொண்டே போனது. கூடம் விரிய விரிய, கூரையிலிருந்து முடி போல மெல்லிய வேர்கள் தொங்கின. நடந்தால் மூக்கில் உரசின. தும்மல் தும்மலாக வந்தது.

"சீ! வீடெல்லாம் ஒட்டடை!" என்று பல்லை நறநறவென்று கடித்தது தொந்தியப்பன்.

பருத்த வேர்களை அது தொடவில்லை. அவைதான் மரத்தைத் தாங்குகின்றன என்கிற அளவுக்கு அதற்கு விவரம் உண்டு. மெல்லிய வேர்களை மட்டும் நறுக் நறுக்கென்று கடித்து, கூட்டி வெளியே தள்ளியது. தினமும் காலையில் எழுந்ததும் இதே வேலை.

ஒருநாள் சுவரிலிருந்து ஒரு மண்புழு எட்டிப் பார்த்தது.

"அண்ணே, அதைக் கடிக்காதீங்க! மரம் தண்ணி குடிக்கிறதே அதாலதான்!"

"போடா! இந்த நூலா அம்மாம் பெரிய மரத்துக்குத் தண்ணி குடுக்குது? முதுகெலும்பே இல்லாத நீ எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியா!"

மண்புழு மண்ணுக்குள் போய்விட்டது.

பங்குனி பிறந்தது. வெயில் ஏறியது. கிழக்குக் கிளைகளில் இலைகள் துவண்டன; மஞ்சளாகி உதிர்ந்தன. அங்கே கூடு கட்டியிருந்த அணில் அலறிக்கொண்டு இறங்கி வந்தது.

"அண்ணே! இலையெல்லாம் கொட்டிப்போச்சு. என் கூடு வெட்டவெளியா நிக்குது. வல்லூறு ரெண்டு தடவை வட்டம் போட்டுட்டுப் போச்சு! மூணு பிள்ளைகளும் இன்னும் கண்ணே திறக்கல!"

"கோடைன்னா இலை கொட்டத்தானே செய்யும்?"

"அப்படின்னா மேற்குக் கிளையும் வாடணுமே! அது பச்சைப்பசேல்னு இருக்கு. உங்க வளைக்கு மேல மட்டும்தான் காயுது!"

"என் மேலயா பழி போடுற? ஒரு பருத்த வேரைத் தொட்டிருந்தா என்னைக் கேளு!"

அணில் அழுதுகொண்டே மேலே ஏறியது. தொந்தியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. மேற்குப் பக்கம் போய்க் கொஞ்சம் மண்ணைக் கிளறிப் பார்த்தது. பருத்த வேர் கிளை பிரிந்து, மெலிந்து, கடைசியில் வெள்ளை முடிகளாக ஈர மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. மூக்கை வைத்தால் சில்லென்றது.

ஓடிவந்து தன் கூடத்தைப் பார்த்தது. பருத்த வேர்கள் மொட்டைக் குச்சிகளாக நின்றன. சுவர் மண்ணில் ஈரம் இருந்தது. அதைக் குடிக்கத்தான் மரத்துக்கு வாய் இல்லை.

"ஐயோ! நானே மரத்தோட வாயைக் கடிச்சுப் போட்டுட்டேனே! தம்பி, மண்புழுத் தம்பி! இப்ப என்ன செய்ய?"

மண்புழு தலையை நீட்டியது. "கூடத்தை ஈர மண்ணால மூடுங்க. புது வேர் விடும். ஆனா நாளாகும் அண்ணே."

ஆசை ஆசையாகத் தோண்டிய கூடத்தைத் தொந்தியப்பன் தன் கையாலேயே மூடத் தொடங்கியது. நகம் தேய்ந்தது. மேலே அணில் தன் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு மேற்குக் கிளைக்கு ஓடியது. முதல் குட்டி போய்ச் சேர்ந்தது. இரண்டாவதும் போய்ச் சேர்ந்தது. மூன்றாவதை எடுக்க அணில் திரும்பியபோது, வல்லூறு முந்திக்கொண்டது.

அணில் போட்ட கூச்சல் மண்ணுக்கு அடியில் இருந்த தொந்தியப்பனுக்கும் கேட்டது. கையில் மண்ணோடு அப்படியே உட்கார்ந்துவிட்டது. தன் தவறுக்கு இன்னொருத்தி பிள்ளை போய்விட்டதே என்று அழுதது.

ஐப்பசி மழையில் கிழக்குக் கிளைகள் மறுபடி துளிர்த்தன. அணில் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கண்ணுக்குத் தெரியாமல் உழைக்கும் சிறியவரை வேண்டாதவர் என்று வெட்டி எறிந்தால், அவர் உழைப்பில் வாழும் ஒரு பாவமும் அறியாதவர்களே முதலில் அழிவார்கள்.