ஒற்றைத் தடம்

“எட்டு டிஸ்க் போட்டிருக்கேன் டீச்சர். ரெண்டு டிஸ்க்கோட வேகம்தான் வருது,” என்றார் ஞானசிகாமணி. “லினக்ஸே டிஸ்க்குகளைச் சேர்த்து ஆளும்னு சாஃப்ட்வேர் ரெய்டை நம்பினேன். ஏமாந்தேன்.”

திருச்சியில் ஒரு ஸ்கேன் நிலையத்தின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர் தலைவர். அவருக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுத்த மெஹருன்னிசா வயதில் இளையவர். ஆனாலும் லினக்ஸில் சிக்கல் என்றால் அந்த வாசலுக்குத்தான் வருவார்.

“யார் அமைச்சது?” என்று கேட்டார் மெஹருன்னிசா.

“செண்பகவல்லி. ஸ்கேன் படம் திறக்கலைன்னு டாக்டர்கள் சத்தம் போட்டாங்க. அவளை வேலையைவிட்டு அனுப்பிட்டேன்.”

மெஹருன்னிசா பையை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினார்.

சர்வர் முன்னால் நின்று சொன்னார்: “ஒரு டிஸ்க்கை மட்டும் படிக்க விடுங்க.”

பாய்ந்தது. அடுத்ததும் பாய்ந்தது. தனித்தனியாக எட்டும் பாய்ந்தன.

“இப்போ எட்டையும் சேர்த்து.”

எட்டும் நொண்டின. ஒன்றுபோல நொண்டின.

“பார்த்தீங்களா, ரெய்டுதான்!”

“ரெய்டை நீங்க தொடவே இல்லையே. டிஸ்க்கை நேராத்தானே படிச்சீங்க?”

ஞானசிகாமணி தான் தட்டிய கட்டளையை மறுபடி படித்தார்.

சர்வரை நிறுத்திவிட்டு மூடியைத் திறந்தார்கள். எட்டு டிஸ்க்கின் ஒயர்களும் ஒரே கன்ட்ரோலர் கார்டில் வந்து சேர்ந்தன. கார்டு கடைசி ஸ்லாட்டில் இருந்தது. பார்வைக்கு நீளமான ஸ்லாட். உள்ளே தகவல் போக ஒற்றைத் தடம். மேலே எட்டுத் தடமுள்ள ஸ்லாட் காலியாகக் கிடந்தது.

“இங்கே செருகினது யார்?”

“மேலே ஒயர் இடிச்சுது... நான்தான்.”

மெஹருன்னிசா ஸ்க்ரூ டிரைவரை அவர் கையில் கொடுத்தார்.

இடித்த ஒயரை ஒதுக்கியதும் கார்டு மேலே ஏறியது. செண்பகவல்லி அமைத்ததில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. தட்டியதும் படங்கள் திறந்தன.

ஞானசிகாமணி அங்கேயே நின்று செண்பகவல்லிக்குப் போன் போட்டார். எதையும் மறைக்கவில்லை.

“தப்பு என்னோடதும்மா. டாக்டர்கள்கிட்டயும் சொல்லிடறேன். திரும்ப வந்துடு.”

“பெட்டியைத் திறந்து பார்க்கணும்னு எத்தனை தடவை கேட்டேன் சார். நீங்க விடல.”

“இனிமே எதுன்னாலும் நேரா எங்கிட்ட வந்து கேளும்மா.”

“அதுக்குத்தான் சார் பயமா இருக்கு,” என்றாள் அவள். “எல்லாம் உங்க ஒருத்தர் வழியாத்தானே போகணும்?”