குதிரை மேல் நடந்த கல்யாணம்

செம்பியூர் ராஜா விசயபூபதிக்கு வேட்டை பிடிக்காது, சண்டை பிடிக்காது. பொய்க்கால் குதிரை ஆட்டம் என்றால் மட்டும் சோறு தண்ணீர் வேண்டாம். அந்த ஆட்டத்தில் சொக்கன் ராஜா, அஞ்சலை ராணி. இருவருக்கும் காலில் மரக்கட்டை, இடுப்பில் காகிதக் குதிரை. ஆட்டத்துக்கு முன் அவள் கட்டையை அவன் கட்டிவிடுவான், அவன் கட்டையை அவள் கட்டிவிடுவாள். முடிச்சு நழுவினால் பல் போய்விடும். மூன்று வருடம் இப்படி ஒருவர் முடிச்சை ஒருவர் நம்பி ஆடியதில் மனசும் சேர்ந்து கட்டுண்டு போனது. இதில் யாரைக் குறை சொல்வது?

ஊர் சும்மா இருக்குமா? நிஜக் காதல்தான் என்று கிழக்குத் தெரு சாதித்தது. எல்லாம் ஆட்டத்துக்காகச் சிரிக்கிற சிரிப்பு என்று மேற்குத் தெரு அடித்துப் பேசியது. அஞ்சலை கோவிலுக்குப் போனால், பின்னாலேயே சொக்கன் வருகிறானா என்று பத்துத் தலை எட்டிப் பார்க்கும். ஆட்டம் வைத்தால் கூட்டம் அள்ளும்.

ஒரு நாள் இருவரும் சபைக்கு வந்து, கல்யாணம் செய்துகொள்ள உத்தரவு கேட்டார்கள். அரண்மனை ஆட்டக்காரர்கள் ராஜா சொல்லாமல் தாலி கட்ட முடியாது.

விழா மணியக்காரர் அருணகிரி குறுக்கே விழுந்தார். "மகாராஜா, சனம் வருவதே இவர்கள் ஜோடியா இல்லையா என்று பார்க்கத்தான். கல்யாணம் ஆகிவிட்டால் பார்க்க என்ன இருக்கிறது? புருஷன் பெண்டாட்டி அவரவர் வீட்டிலேயே இருக்கிறார்களே."

ராஜாவுக்கும் அது சரியாகப் பட்டது. ஆனால் அஞ்சலையின் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. யோசித்து யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"கட்டிக்கொள்ளுங்கள். மேளதாளத்தோடு, ஊர் கூடி நிற்க நடக்க வேண்டும். திருட்டுக் கல்யாணம் கூடாது. ஆனால் கல்யாணம் நடந்தது என்று இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் உங்களை ஆளுக்கொரு ஊருக்கு அனுப்பிவிடுவேன். ஏற்பாடெல்லாம் பிச்சாண்டி பொறுப்பு."

பிச்சாண்டி அந்தச் சபையின் விகடர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையெல்லாம் நம் தலையில்தான் விழுகிறது என்று நொந்துகொண்டே வெளியே வந்தார்.

வாசலில் அஞ்சலை கண்ணைத் துடைத்தாள். "வெறும் வாய மெல்லுற ஊருக்கு நாங்க அவலாப் போயிட்டோம் சாமி. இப்ப ராஜாவும் சேந்துக்கிட்டாரு."

"அழாதே அம்மா. திருவிழாக் கடைசி நாளில் என்ன ஆடுவீர்கள்?"

"ராஜா ராணி கல்யாணம்தான். வருசா வருசம் அதானே."

"தாலி எப்படிக் கட்டுவான்?"

சொக்கன் தலையைச் சொறிந்தான். "எங்க சாமி கட்டுறது? நடுவுல ரெண்டு குதிரை நிக்குது. கை எட்டாது. பூச்சரத்த வீசிப் போடுவேன், அம்புட்டுதான்."

பிச்சாண்டிக்கு அழுகிற கண்ணைப் பார்த்த வருத்தமெல்லாம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த வருஷம் கொஞ்சம் எட்டிப் பார்" என்றார்.

திருவிழா மாலை வந்தது. ஊரே திரண்டிருந்தது. நாகசுரம் முழங்க, ராஜா வேஷமும் ராணி வேஷமும் எதிரெதிரே வந்து நின்றன. தகப்பன் இல்லாத அஞ்சலையைத் தாரை வார்த்துக் கொடுக்க, வழக்கம்போல மணியக்காரரே பெண்ணின் தகப்பனாக வந்து நின்றார். அந்தப் பெருமையை அவர் யாருக்கும் விட்டுத் தர மாட்டார். மகாராஜா தன் கையாலேயே அட்சதை தூவினார். சொக்கன் குதிரையோடு எக்கினான். மூன்று வருடம் அவள் காலில் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போட்டவனுக்கு, கழுத்தில் போடக் கை நடுங்கியது. ஜனம் கைதட்டிவிட்டு, நிஜக் காதலா பொய்க் காதலா என்று பழைய சண்டையைப் போட்டுக்கொண்டே வீடு திரும்பியது.

மறுநாள் காலை மணியக்காரர் சபையில் குதித்தார். "மகாராஜா, நேற்று மாதிரி மோசமான ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. சொக்கனுக்குக் கை உதறுகிறது. அஞ்சலை தாளம் தப்புகிறாள். இரண்டு குதிரையும் முட்டிக்கொண்டு, ராணிக் குதிரையின் காது கிழிந்து தொங்குகிறது!"

பிச்சாண்டி எழுந்து கும்பிட்டார். "மகாராஜா, தாங்கள் இட்ட உத்தரவு நிறைவேறிவிட்டது."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன? அப்படியானால் நேற்று நடந்தது நிஜமா?"

பிச்சாண்டி கூரையைப் பார்த்தார்.

"உம்மைத்தான் கேட்கிறேன்."

"மன்னிக்க வேண்டும். ஊரில் ஒருவருக்கும் தெரியக் கூடாது என்பது உத்தரவு. மகாராஜாவும் இந்த ஊரில்தானே குடியிருக்கிறீர்கள்?"

ராஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மதியச் சாப்பாட்டில் பாயசத்தைத் தொடவில்லை. படுத்தால் குதிரைக் காதுதான் கண்முன் வந்தது. மூன்று தரம் பிச்சாண்டிக்கு ஆள் அனுப்பினார். மூன்று தரமும் அதே பதில். பொழுது சாய்வதற்குள் ராஜா தோற்றுப் போனார்.

"நிபந்தனையை எடுத்துவிட்டேன். ஊருக்கே தெரியட்டும். இதோ ஓலை, என் முத்திரை. இப்போதாவது சொல்லித் தொலையும்."

பிச்சாண்டி ஓலையை இரண்டு தரம் படித்து, பத்திரமாக மடியில் செருகினார். "நிஜம்தான் மகாராஜா. தாங்கள் தூவிய அட்சதையை அஞ்சலை இன்னும் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "என்னையும் தெருவில் எட்டிப் பார்க்கிறவன் ஆக்கிவிட்டீரே." கையிலிருந்த கங்கணத்தைக் கழற்றி மணமக்களுக்கென்று கொடுத்தார். பிச்சாண்டிக்குப் பட்டு கிடைத்தது.

மணியக்காரருக்கு மட்டும் வயிறு எரிந்தது. "எல்லாம் சரி, இனிமேல் கூட்டத்துக்கு எங்கே போவது?"

"அது குறையாது. இதுவரை இவர்கள் காதலிக்கிறார்களா என்று பார்க்க வந்தார்கள். இனிமேல் சண்டை போட்டுக்கொண்டார்களா என்று பார்க்க வருவார்கள்" என்றார் பிச்சாண்டி. "நீர் ஊர்க் கவலையை விடும். ஊரறியப் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்த மாமனார் நீர். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை உம் வீட்டுக்குத்தான் வருகிறார், குதிரையோடு. புல்லுக்கு வேலையில்லை, மாப்பிள்ளைக்கு வேட்டி எடுத்து வையும்."