ஆடியில் குடிமாறாத மீன்கள்

முட்டாள்களைத் தேடி ஊர் ஊராக அலைபவர்கள் பூங்குயில் நகரைத் தாண்டித்தான் போகிறார்கள், இறங்கிப் பார்ப்பதில்லை. காரணம், நகரின் முகப்பில் வளைவு இருக்கிறது, வளைவில் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பெயர் இருக்கிறது, பெயருக்குக் கீழே பதிவு எண் இருக்கிறது. பதிவு எண் உள்ள இடத்தில் முட்டாள்தனம் இருக்காது என்று உலகம் நம்புகிறது. பாவம், உலகம்.

அந்தச் சங்கத்தின் அறையில்தான் மாதங்கியின் மீன்தொட்டி இருந்தது. மாதங்கி கடல் உயிரியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வீட்டு மாடி தாங்காது என்று அப்பா கைவிரித்தபோது, நகருக்கு ஒரு கௌரவமாக இருக்கட்டும் என்று சங்கம் இடம் கொடுத்தது. அறைச் சாவியை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டது. கௌரவம் இரவில் ஓடிவிட்டால் யார் பொறுப்பு?

இரண்டடித் தொட்டி. உப்புத் தண்ணீர். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி கோமாளி மீன்கள். ஐந்து நாளுக்கு முன் தொட்டியின் மூலையில் இருந்த கல்லில் முட்டை இட்டிருந்தன. முட்டை பொரிந்தால் மாதங்கிக்கு ஆய்வேடு. பொரியாவிட்டால் இன்னொரு வருஷம் அதே வகுப்பு. முட்டையை விசிறிக் காவல் காப்பது அப்பா மீனின் வேலை. இதை நம்பச் சங்கத்துக்கு மூன்று கூட்டம் தேவைப்பட்டது. மூன்றாவது கூட்டத்திலும் இரண்டு பேர் ஆட்சேபணையைப் பதிவு செய்தார்கள்.

பெரிய தொட்டி வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. நாலடி நீளம், இரண்டடி உயரம். அதே அறையில், ஒரு மேஜைமேல் காலியாகக் கிடந்தது. அதற்கான உப்புத் தண்ணீரை மாதங்கி தானே கலந்து, அளந்து, இரண்டு டிரம்மில் மூடி வைத்திருந்தாள். மீனை மாற்றத்தான் விடவில்லை. ஏனென்றால் ஆடி பிறந்துவிட்டது.

"ஆடியில யாராவது குடி மாறுவாங்களா பாப்பா?" என்றாள் துணைத்தலைவி மரகதம் ஆன்ட்டி. நகரில் நல்லது கெட்டது எல்லாம் அவள் நாள் பார்த்துச் சொன்னால்தான் நடக்கும்.

"ஆன்ட்டி, மீனுக்கு ஆடி கிடையாது."

"உனக்குத் தெரியாது. அதுக்குத் தெரியும்."

இருபத்துமூன்று வயதில் பாப்பா என்று அழைக்கப்படுவதைப் பற்றி மாதங்கிக்குத் தனியாக ஒரு வாதம் இருந்தது. அதை அன்றைக்கு ஒத்திவைத்தாள்.

ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் பழைய தொட்டி கசிய ஆரம்பித்தது. மூலையில் தலைமுடி போல ஒரு விரிசல். சொட்டு, சொட்டு, சொட்டு. மாலைக்குள் பாதித் தொட்டி காலியாகிவிடும். மாதங்கிக்கோ எட்டரை மணி பஸ்ஸைப் பிடித்துப் பல்கலைக்கழகம் போயாக வேண்டும். பதினொரு மணிக்குத் துறையில் அவளுடைய ஆய்வைப் பற்றிய கூட்டம். ஒன்றரை மணி நேரம் இருந்தது. மீனை மாற்ற அது போதும்.

ஆனால் தலைவர் சபாநாயகம் அவசரக் கூட்டத்தைக் கூட்டிவிட்டார். அவர் ஓய்வு பெற்ற தாசில்தார். தீப்பிடித்தாலும் முதலில் தீயின் பெயரில் ஒரு மனு வாங்குவார்.

"தொட்டி கசியுதுன்னு பாப்பா சொல்லுது. எழுத்துல இருக்கா?" என்றார்.

"தரையில இருக்கு, பாருங்க சார்" என்றாள் மாதங்கி.

செயலாளர் ரெங்கமன்னார் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார். விரலை நக்கினார். "உப்புத்தான்" என்று அறிக்கை அளித்தார். அறிக்கை ஏற்கப்பட்டது. ஏற்றதற்கு நன்றி தெரிவிக்கப்பட்டது. அதற்குள் எட்டேகால்.

வேறு வழியில்லாமல் மாதங்கி ஒரு தாளைக் கிழித்து, நின்றபடியே எழுதினாள். மீன்களைப் பழைய தண்ணீரோடு பையில் எடுத்துப் பெரிய தொட்டியில் அரை மணி நேரம் மிதக்க விடவும். பிறகு பத்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் வீதம் டிரம்மில் உள்ள புதுத் தண்ணீரைச் சேர்க்கவும். உப்பு அளக்கும் கருவியின் முள் பச்சைக் கோட்டில்தான் நிற்க வேண்டும். மீன்கள் பயப்படக் கூடாது. கடைசியாக, இந்த ஆட்களை நன்றாகத் தெரிந்தவள் என்பதால், ஒரு வரி சேர்த்து அடியில் இரண்டு கோடு இழுத்தாள்: இதில் எழுதாத எதையும் செய்யக் கூடாது.

அந்தக் கடைசி வரியை எழுதியபோது தன்னை ரொம்பக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தாளைத் தலைவர் இரண்டு கையாலும் வாங்கினார். அவர் ஓய்வு பெற்ற பிறகு கைக்கு வந்த முதல் எழுத்துமூலமான உத்தரவு அது. கண் கலங்கியது.

பன்னிரண்டரைக்குக் கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் மாதங்கி செயலாளரைக் கூப்பிட்டாள்.

"மீனை மாத்தியாச்சா அங்கிள்?"

"முதல் வரியிலேயே ஒரு சிக்கல் பாப்பா. பைன்னு எழுதியிருக்கே. நம்ம நகர்ல பிளாஸ்டிக் பைக்குத் தடை. மஞ்சப் பையில ஊத்திப் பார்த்தோம்."

"மஞ்சப் பையிலயா?"

"ஒழுகுது. ஒண்ணுக்குள்ள ஒண்ணா மூணு பை போட்டோம். மூணும் ஒழுகுது."

"மீன்?"

"மீனை இன்னும் போடலம்மா. நாங்க என்ன முட்டாளா? தண்ணியை மட்டும் ஊத்திச் சோதிச்சோம்."

மாதங்கி சுவரில் சாய்ந்துகொண்டாள். "அங்கிள், என் அலமாரியில ஒரு பிளாஸ்டிக் பை வச்சிருக்கேன். இந்த ஒரு தடவை அதை எடுத்துக்குங்க."

போன் கைமாறியது. தலைவரின் குரல் வந்தது. "தீர்மானத்தைத் தளர்த்தணும்னா பொதுக்குழு கூட்டணும் பாப்பா. இருபத்தோரு நாள் நோட்டீஸ். மீன் சார்பா யாராவது கையெழுத்துப் போட்டா இன்னைக்கே நோட்டீஸ் ஒட்டிடலாம்."

"தண்ணி எவ்வளவு இறங்கியிருக்கு சார்?"

"ரெண்டு விரக்கடை. நீ கவலைப்படாதே. பையை மட்டும் பெரிய தொட்டியில மிதக்க விட்டோம்."

"பெரிய தொட்டியில தண்ணியே ஊத்தலையே."

"ஊத்தணும்னு எழுதலையே. அதனால மிதக்கல. அரை மணி நேரம் சும்மா கிடந்துச்சு. நேரம் மட்டும் சரியாப் பார்த்தோம்."

தன் வாழ்நாளில் மாதங்கி எத்தனையோ பட்டிமன்றங்களில் பேசியிருக்கிறாள். எதிரணியை வாயடைக்க வைத்திருக்கிறாள். எதிரணி அவளுடைய சொந்தக் கையெழுத்தையே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறினாள். அது வழியில் பஞ்சர் ஆயிற்று. பஸ்ஸுக்கும் அந்த நகரில் யாரோ உறவு இருக்க வேண்டும்.

இதற்கிடையே சங்க அறையில் நடந்த விவாதம் நடவடிக்கைக் குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது. பிற்பாடு மாதங்கி அதைப் படித்தாள்.

"முட்டை ஒட்டியிருக்கிற கல்லை என்ன செய்யறது?" என்று கேட்டிருக்கிறார் ரெங்கமன்னார்.

"தாளில் கல் என்ற சொல்லே இல்லை" என்றிருக்கிறார் தலைவர். "எனவே கல்லைத் தொடக் கூடாது."

"கல்லை விட்டுட்டு அப்பா மீன் வராது. அப்பா வராம அம்மா வராது" என்றிருக்கிறாள் மரகதம். "பச்சைப் புள்ளைங்க வேற. அதுவும் ஆடியில."

கல்லைத் தொடாமல் கல்லை நகர்த்துவது எப்படி என்று முக்கால் மணி நேரம் யோசித்திருக்கிறார்கள். பிறகு ரெங்கமன்னாருக்கு உதித்திருக்கிறது.

"குடி மாறினாத்தானே ஆடி? வீட்டையே தூக்கி வச்சா?"

கைதட்டல் என்று குறிப்பேட்டில் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறது.

மாலை ஐந்தரைக்கு மாதங்கி ஓடி வந்தாள். அறை வாசலில் மாவிலைத் தோரணம். உள்ளே பால் காய்ச்சிய வாசனை. மேலே ஒரு திருஷ்டிப் பூசணிக்காய், கோரைப் பல்லும் மீசையுமாக, மீன்களுக்கு நேரே முறைத்துக்கொண்டிருந்தது. மீன்கள் பயப்படக் கூடாது என்பதற்காக அது. கண்ணாடியில் விபூதிப் பட்டை. காற்றுக் குழாயில் கறுப்புக் கயிறு.

பெரிய தொட்டிக்குள் சின்னத் தொட்டி உட்கார்ந்திருந்தது.

கல், முட்டை, அம்மா, அப்பா எல்லாம் அப்படியே. பாதித் தண்ணீரை வாளியில் இறைத்து வைத்துக்கொண்டு, நாலு பேர் தொட்டியை அலுங்காமல் தூக்கி உள்ளே இறக்கி, இறைத்ததைத் திரும்ப ஊற்றியிருக்கிறார்கள். கசிவது ஒரு சொட்டும் வீணாகாமல் பெரிய தொட்டியில் சேர்ந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் ரெங்கமன்னார் கையில் டம்ளரோடு, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"இது பத்தொம்பதாவது டம்ளர்" என்றார். "மொத்தம் ஆயிரம் வரும். ராப்பகலா ஊத்தினா ஏழு நாள். முறை போட்டு ஒட்டியிருக்கோம், பாரு. சனிக்கிழமை காலையில உங்கப்பா."

"உப்பைச் சரிபார்த்தீங்களா?"

"முள் ஆடிக்கிட்டே இருந்துச்சு. பச்சைக் கோட்டில நிக்கணும்னு எழுதியிருந்தே. பசை போட்டு ஒட்டிட்டேன். இனி நீ கடல்ல போட்டாலும் நகராது."

மாதங்கி வாயைத் திறந்தாள். அப்போதுதான் கல் கண்ணில் பட்டது. முட்டைகள் ஒன்றுகூடக் குறையாமல், வெள்ளிப் புள்ளி போட்ட கண்களோடு, வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. அப்பா மீன் விசிறிக்கொண்டிருந்தது. அவள் எழுதியபடியே புத்திசாலியான யாரோ ஒருவர் மீனை மட்டும் பையில் எடுத்திருந்தால், வடியும் தொட்டியில் அந்தக் கல் காய்ந்திருக்கும். கல்லைப் பற்றி எழுத மறந்தவள் அவள்தான்.

திறந்த வாயை மூடினாள். பூங்குயில் நகர வரலாற்றில் மாதங்கி ஒரு வாதத்தைப் பாதியில் விட்டது அதுதான் முதல் முறை. தலைவர் அதையும் குறிப்பேட்டில் ஏற்றினார்.

பிறகு டம்ளரைப் பிடுங்கி வைத்துவிட்டு, டிரம்மிலிருந்து ஒரு சின்னக் குழாயைப் போட்டு, தண்ணீரைத் தானே மெதுவாக இறக்கினாள். எட்டு மணிக்குத் தண்ணீர் சின்னத் தொட்டியின் விளிம்பைத் தாண்டி ஏறியது. அம்மா மீன் விளிம்புவரை வந்தது, எட்டிப் பார்த்தது, வெளியே நீந்திப் பெரிய தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றியது.

"ஆடியில குடி மாறுது" என்று ரெங்கமன்னார் பதறினார்.

"மாறல" என்றாள் மரகதம். "முற்றத்துல காலாற நடக்குது. பொம்பளை வெளியே வந்தாலே குடி மாறினதா ஆயிடுமா?"

அவள் வாழ்நாளில் சொன்ன ஒரே நியாயமான பேச்சு அது. மாதங்கி ஆதரித்து வாக்களித்தாள்.

நாலாம் நாள் முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகளைத் தனிச் சட்டியில் எடுத்துவிட்டு, மாதங்கி கல்லைப் பெரிய தொட்டிக்கு மாற்றி வைத்தாள். அப்பா மீனும் பின்னாலேயே போய்விட்டது.

மறுநாள் காலை அவள் அறைக்குள் நுழைந்தபோது, பெரிய தொட்டிக்குள் காலியாக இருந்த சின்னத் தொட்டிக்கு நேரே, கண்ணாடியின் வெளிப்பக்கம், தலைவரின் கையெழுத்தில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது.

வீடு வாடகைக்கு. ஆவணி ஒன்றாம் தேதி முதல். இருபத்துநான்கு மணி நேரமும் தண்ணீர் வசதி. சைவம் மட்டும்.

மாதங்கி அட்டையை ஒருமுறை படித்தாள், இன்னொரு முறை படித்தாள். திரும்பினால் ரெங்கமன்னார் நாற்காலியில் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"காலையில ஒருத்தர் வந்து பார்த்தார் பாப்பா. நல்ல குடும்பம், சின்னக் குடும்பம். வெளிச்சம் பிடிச்சிருந்துச்சு, அக்கம்பக்கம் பிடிச்சிருந்துச்சு. பேசி முடிக்கிற நேரத்துல, நல்ல தண்ணியா உப்புத் தண்ணியான்னு கேட்டார். பொய் சொல்ல மனசு வரல. சொன்னேன். எந்திரிச்சுப் போயிட்டார்."

எழுந்து வந்து அட்டையின் ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டினார்.

"கலக்கும்போதே நீ உப்பைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டிருக்கலாம்."