சிவந்தியின் ஓலையும் அரசரின் பசியும்

முன்னொரு காலத்தில், அரசருக்கு ஓர் ஆசை வந்தால் அரண்மனையில் ஒருவருக்கும் தூக்கம் வராத காலத்தில், ஒரு நாட்டில் நாரணப்பன் என்றொரு விகடன் இருந்தான். நாட்டின் பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்; அதனால் வேண்டாம். அரசரைச் சிரிக்க வைப்பது நாரணப்பனுடைய உத்தியோகம். அதற்காக அவன் பெரிதாகப் பாடுபட்டதில்லை. அவன் சபைக்குள் நுழையும்போது முதலில் தொப்பை வரும், பிறகு மூச்சிரைப்பு வரும், கடைசியில் அவன் வருவான். பாதிச் சிரிப்பு அதிலேயே வந்துவிடும். மீதிக்குத் தன்னையே நாலு வார்த்தை திட்டிக்கொள்வான். அதில் மட்டும் அவனுக்குச் சரக்குப் பஞ்சமே வந்ததில்லை.

ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதன் ஒருவன் வந்து பெருமையடித்தான். காது கேளாத பிள்ளை, கண் தெரியாத பிள்ளை, மெல்லக் கற்கும் பிள்ளை என்று ஒவ்வொருவருக்கும் தங்கள் நாட்டில் தனித்தனியாகக் கல்வி ஓலை எழுதி, அதன்படியே சொல்லிக் கொடுக்கிறார்களாம். அவ்வளவுதான், நம் அரசருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"நம் பள்ளியிலும் அத்தகைய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஓலை வேண்டும். எந்த வழக்கு மன்றத்தில் வைத்தாலும் அதில் ஓட்டை காணக் கூடாது. பௌர்ணமிக்குள் சரியான ஓலை இல்லாத பிள்ளைக்குப் பள்ளியில் இடமில்லை!" என்றார். நல்ல காரியத்தையும் மிரட்டித்தான் செய்வார் அந்த மகாராஜா. ஓலை எழுதாதவன் ஒருவன், வெளியே போக வேண்டியது பிள்ளை. இது என்ன நியாயம் என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியமில்லை. நாரணப்பனுக்கும் இல்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அரசருடைய எழுத்து வேலைக்கெல்லாம் தலைவர் ராயசம் ஆராவமுதர். போன திருவிழாவில் தனக்கு வரவேண்டிய பட்டுச் சால்வை நாரணப்பனுக்குப் போனதிலிருந்து அவருக்கு வயிற்றெரிச்சல். அவர் மெதுவாக எழுந்தார்.

"அரசே, இத்தனை அருமையான பணிக்கு நம் நாரணப்பனை விட்டால் ஆள் ஏது? ஓலையில் ஓட்டை இருந்தால் அவரை நாடு கடத்தலாம்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் அரசர்.

வாயைத் திறப்பதற்குள் வேலை தலையில் விழுந்துவிட்டது. நாரணப்பனுக்குப் பள்ளிக்கூடம் என்றாலே கிலி. சிறுவயதில் பாடத்துக்குப் பயந்து ஜன்னல் வழியே ஓடப் பார்த்து, பாதியில் சிக்கிக்கொண்டு, உள்ளே இருந்த பாதிக்கு அடி வாங்கியவன் அவன். ஆகவே பள்ளிக்கே போகாமல் வீட்டில் உட்கார்ந்து, கண் தெரியாத ஒரு பையனுக்கு ஓர் ஓலை எழுதினான். கை வலித்தது. மற்றப் பிள்ளைகளுக்கு அதையே பார்த்து, பெயரை மட்டும் மாற்றி எழுதிப் பள்ளிக்கு அனுப்பிவைத்தான். மூலத்தில் ஓர் எறும்பு ஒட்டியிருந்தால் அதையும் ஒட்டியிருப்பான். சாயங்காலம் பணியாரம் சாப்பிட்டுக்கொண்டு, தானும் ஓர் அறிஞன்தான் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் உப்பு விற்கும் ஆண்டாயி தன் மகள் சிவந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். பிறந்ததிலிருந்தே சிவந்திக்குக் காது கேளாது.

"ஐயா, எம்பொண்ணு ஓலையைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அவளுக்குப் பார்வை இல்ல, அதனால தடவிப் பாத்துப் படிக்கணும்னு எழுதியிருக்காம். அவளுக்குக் கண்ணு கழுகுக் கண்ணுங்க. காதுதான் கேக்காது."

நாரணப்பன் திருதிருவென்று முழித்தான். சிவந்தி அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்தப் பார்வைக்கு முன்னால் அவனுடைய விகடம் எதுவும் எழும்பவில்லை. வெட்கமாக இருந்தது. நாடு கடத்துவார்களே என்ற பயம்கூட அப்போது இல்லை, வெறும் வெட்கம்தான்.

"தாயே, கண் தெரியாதவன் நான்தான்," என்றான். "நாளைக்குப் பள்ளிக்கூடம் வருகிறேன்."

சொன்னபடி போனான். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சிவந்தி பக்கத்தில் உட்கார்ந்தான். வாத்தியார் கயிலாசம் பாடம் எடுத்தார். அவருடைய மீசை கூரைச் சரிவு மாதிரி உதட்டை மூடியிருந்தது. வாய் நிறைய வெற்றிலை. பேச ஆரம்பித்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். காலை முழுவதும் நாரணப்பனுக்குக் கிடைத்தது அவருடைய முதுகு மட்டும்தான். சிவந்தி வேறு வழியில்லாமல் பக்கத்துப் பெண் மணலில் எழுதுவதைப் பார்த்து எழுதினாள். அந்தப் பெண் தப்பாக எழுதினாள், இவளும் தப்பாக எழுதினாள். வாத்தியார் இரண்டு பேரையும் குட்டினார். ஆனால் மக்கு என்ற பட்டம் சிவந்திக்கு மட்டும் கிடைத்தது.

நாரணப்பனுக்கு ஆத்திரம் பொங்கியது. பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போய்ப் புதிதாக ஓலை எழுதினான். முகம் பார்த்துப் பேசினால் சிவந்திக்குப் புரிகிறது. ஆகவே வாத்தியார் கயிலாசம் வெற்றிலையைத் துப்பிவிட்டு, உதடு தெரியும்படி மீசையைக் கத்தரித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்துப் பாடம் சொல்ல வேண்டும். அவள் முதல் வரிசையில் உட்கார வேண்டும். சொன்ன பாடத்தைத் தினமும் மணலில் எழுதியும் காட்ட வேண்டும். தை பிறப்பதற்குள் புதிய கதை ஒன்றைத் தானே படித்து, கேட்ட கேள்விக்கு அவள் விடை எழுத வேண்டும். அமாவாசைதோறும் தாய் ஆண்டாயி வந்து எவ்வளவு முன்னேறினாள் என்று பார்க்க வேண்டும்.

மீசை சங்கதி வாத்தியார் காதுக்கு எட்டியது. அங்கிருந்து ராயசம் வீட்டுக்கும் எட்டியது. பௌர்ணமிக்கு முதல் நாள் சபையில் ஆராவமுதர் எழுந்தார்.

"அரசே, மீசை, வெற்றிலை, எச்சில்! இதுவா அரச ஓலை? இதில் எந்த ஒரு வரி தவறினாலும் அரசாங்கமல்லவா பதில் சொல்ல வேண்டும்? அடியேன் எழுதியிருக்கிறேன், கேளுங்கள்: 'மேற்படி சிறுமிக்கு உரிய வேளையில், தகுந்த முறையில், தேவைக்கேற்ப, இயன்றவரை ஆவன செய்யப்படும்.'"

அரசர் தொடையைத் தட்டினார். "ஆகா! எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் ஓட்டையே இல்லையே!"

வாத்தியார் கயிலாசம் மீசையைத் தடவிக்கொண்டார். இந்த ஓலைக்கு முத்திரை விழுந்தால், 'இயன்றதைச் செய்தோம், படிப்பு ஏறவில்லை' என்று சொல்லி மறுநாளே சிவந்தியை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஆண்டாயிக்கும் அது புரிந்துவிட்டது. மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நாரணப்பன் முன்னால் வந்து தரையில் விழுந்து கும்பிட்டான். எழுந்திருக்க இரண்டு சேவகர்கள் தேவைப்பட்டார்கள்.

"அரசே, நான் எழுதியது குப்பை. ராயசத்தின் ஓலையல்லவா ஓலை! இவ்வளவு உயர்ந்த ஓலை ஓர் உப்புக்காரி மகளுக்கு மட்டும் போய்ச் சேர்வது முறையா? தங்கள் மடைப்பள்ளிக்கும் நாளை ஒருநாள் இதையே ஆணையாக்குங்கள். அதன் பெருமையைக் கண்ட பிறகு முத்திரை இடலாம்."

ஆராவமுதருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "ஓலையில் இல்லாததை எவன் செய்தாலும் சவுக்கடி என்றும் சேருங்கள் அரசே!" என்று தானே எடுத்துக் கொடுத்தார். அரசரும் தலையை ஆட்டினார்.

மறுநாள் உச்சிவேளை. அரசர் இலை முன்னால் வந்து உட்கார்ந்தார். இலை காலியாக இருந்தது. சமையற்காரர்கள் வரிசையாகக் கைகட்டி நின்றார்கள்.

"சோறு எங்கே?"

நாரணப்பன் பணிவாக ஓலையை விரித்தான். "உரிய வேளையில் வரும், அரசே."

"இதுதானே உரிய வேளை!"

"அப்படி ஓலையில் இல்லையே. சொன்னால் முதுகு கிழிந்துவிடும்."

"யாராவது கொண்டு வாருங்கள்!"

சமையற்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆள் பெயர் ஓலையில் இல்லை.

"எனக்குப் பசிக்கிறதடா!"

"தேவை ஏற்பட்டிருப்பது தெரிகிறது, அரசே. இயன்றவரை யோசித்துக்கொண்டிருக்கிறோம். ஆவன செய்யப்படும்."

பசி வந்தால் பத்தும் பறந்து போகும். அரசருக்குப் பதினொன்றாவதாக ராயசத்தின் மேல் இருந்த மதிப்பும் பறந்துவிட்டது. "ஆராவமுதரே! உமது ஓலைப்படி நான் எப்போது சாப்பிடுவேன்?"

ராயசம் ஓலையை மேலும் கீழும் பார்த்தார். "அடியேன்... அதை எழுதவில்லை, அரசே."

"எழுதுடா நாரணப்பா!" என்று அரசர் கத்தினார். "உச்சிவேளையில்! தலைமைச் சமையற்காரன் கையால்! சுடச்சுடச் சோறு, பருப்பு, நெய், மாவடு! நான் ஏப்பம் விட்டால்தான் வேலை முடிந்தது! எழுது!"

நாரணப்பன் எழுதினான். எழுதி முடித்ததும் இன்னோர் ஓலையை அதன் பக்கத்தில் வைத்தான். "யார், எப்போது, எதை, எப்படிச் செய்ய வேண்டும், முடிந்தது என்று எதைக் கொண்டு தெரியும்; எல்லாம் சொல்லிவிட்டீர்கள், அரசே. அந்தப் பிள்ளைக்கும் இதேதான் எழுதினேன். நான் சொன்னால் குப்பை, தாங்கள் சொன்னால் சட்டம். அது என் முகராசி."

அரசர் இரண்டு ஓலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். சோறு வந்தது. சாப்பிட்டார். ஏப்பம் விட்டார். அதன் பிறகுதான் ஆண்டாயியையும் சிவந்தியையும் வரச் சொன்னார்.

"தாயே, உன் மகள் பள்ளியை விட்டுப் போக வேண்டாம். நாரணப்பன் எழுதிய ஓலைதான் செல்லும். உனக்குச் சம்மதமென்றால் கைநாட்டு வை."

ஆண்டாயி மையில் விரலைத் தோய்த்தாள், ஆனால் வைக்கவில்லை. "எல்லாம் சரிதாங்க மகாராசா. இதுல எழுதினதைச் செய்யலேன்னா நான் யாருகிட்டப் போய்க் கேக்குறது?"

நாரணப்பன் தன் ஓலையை எடுத்துப் பார்த்தான். முன்னும் பின்னும் பார்த்தான். அது அதில் இல்லை. ஓட்டை! ஊரைக் கிண்டல் செய்தவன் ஓலையில், ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை.

"அரசே, என்னை நாடு கடத்திவிடுங்கள்," என்றான். "வண்டி மட்டும் கொஞ்சம் பெரிதாகப் பாருங்கள்."

அரசர் அவனைப் பார்க்கவில்லை. சிவந்தியின் முன்னால் குனிந்து, தன் உதடு அவளுக்குத் தெரியும்படி நிதானமாகச் சொன்னார்: "என்னிடம் வந்து கேள்." பிறகு நிமிர்ந்து, "எழுது நாரணப்பா. அரசனிடம் கேட்க வேண்டும்," என்றார்.

ஆராவமுதருக்குப் பழக்கம் விடவில்லை. "அரசே, 'உரிய வேளையில்' என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்ளலாமே..."

அரசர் சிரிக்க ஆரம்பித்தார். சாப்பிட்ட வயிறு குலுங்க, கண்ணில் நீர் வர, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி நாரணப்பனுக்குப் போட்டார். பௌர்ணமிக் கெடுவைத் தள்ளிவைத்து, மற்றப் பிள்ளைகளின் ஓலைகளையும் பள்ளியில் உட்கார்ந்து பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று கட்டளையிட்டார். ஆண்டாயி கைநாட்டு வைத்தாள்.

சிவந்தி அம்மாவின் விரலை விலக்கிவிட்டு எழுத்தாணியை வாங்கினாள். அந்தக் கைநாட்டுக்குக் கீழே, நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் பெயரைத் தானே எழுதினாள்.